புகையும் மூச்சும்: சில குறிப்புகள்

1

புகை பற்றி நான் எழுத வேண்டாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். அது ஆரோக்கியப் பத்திரிகைகளின் விஷயம், டாக்டர்களிடம் விட்டுவிடுங்கள் என்றார். சொல்லும்போது அவர் கையில் சிகரெட் இருந்தது. அவரைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. நாற்பது வருஷங்களுக்கு மேலாக அவர் விட்ட புகையை நானும் சுவாசித்திருக்கிறேன். ஒரு நாள்கூட வேண்டாம் என்று சொன்னதில்லை. எனக்குச் சிறு வயதிலிருந்து ஆஸ்துமா. இந்த இரண்டு உண்மைகளும் எப்படி ஒரே ஆளிடம் சண்டையில்லாமல் இருந்தன என்பதுதான் என் கேள்வி. டாக்டர்கள் இதற்குப் பதில் சொல்ல முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

1979இல் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன் அறையில் ஞாயிறுதோறும் கூடுவோம். பத்துக்குப் பன்னிரண்டு அடி இருக்கும். ஒரே ஜன்னல், அதுவும் அடுத்த கட்டிடத்தின் சுவரைப் பார்த்தது. ஏழெட்டுப் பேர். படிமம் பற்றி, அந்நியமாதல் பற்றி, அடுத்த இதழுக்குக் காகிதம் வாங்க யார் பணம் போடுவது என்பது பற்றிப் பேச்சு. சுவரில் காம்யுவின் படம்: கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, வாயில் சிகரெட்டுடன். பதினேழு வயதிலேயே காம்யுவுக்குக் காசநோய் கண்டுவிட்டது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தப் படத்தில் இருக்கும் சிகரெட்டையும் அந்த நுரையீரலையும் சேர்த்து நினைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்களுக்குச் சிகரெட் ஒரு பொருளாக இருக்கவில்லை, சிந்தனையின் அடையாளமாக இருந்தது.

எட்டு மணிக்கு மேல் எனக்கு நெஞ்சுக்குள் விசில் கேட்கத் தொடங்கும். காற்று வாங்கிவிட்டு வருகிறேன் என்று சொல்லி மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். அரைமணி நேரம் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தோளை உயர்த்தி, முன்னால் குனிந்து நிற்பேன். திரும்பி வரும்போது விவாதம் வேறெங்கோ போயிருக்கும். என் இலக்கிய அபிப்பிராயங்களில் பல, பாதி கேட்ட விவாதங்களிலிருந்து உருவானவை. இதை நகைச்சுவையாகச் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? வெட்கம் என்பது எளிய பதில். இளைப்பு கம்பீரமில்லாத நோய். காசநோய்க்கு இலக்கியத்தில் ஒரு அந்தஸ்து உண்டு, பைத்தியத்துக்கும் உண்டு. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தூசியைக் கண்டால் தும்மிக்கொண்டிருப்பவனுக்கு என்ன இருக்கிறது? ஆனால் வெட்கம் மட்டுமல்ல. அந்த அறையில் இடம் வேண்டும் என்றால் அந்த அறையின் காற்றும் சேர்ந்துதான் கிடைக்கும் என்று நான் எடுத்துக்கொண்டேன். சில நாட்களில் நானும் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து, இழுக்காமல், விரலிடுக்கில் வைத்துக்கொண்டு பேசுவேன். தன்வஞ்சனைக்கு உதாரணமாக ஸார்த்தர் ஒரு ஹோட்டல் பரிசாரகனைக் காட்டுகிறார்: அவன் பரிசாரகனாக இருப்பதை நடித்துக்கொண்டிருக்கிறான். அந்தப் பக்கங்களை நாங்கள் வரிவரியாக விவாதித்த சாயங்காலம், அணையப்போகும் சிகரெட்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்தாளனை நடித்துக்கொண்டிருந்தவன் நான்.

2

அந்த அறையில் இரண்டு பேர் கொள்கைப்படி பீடி குடித்தார்கள். சிகரெட் மத்தியதர வர்க்கத்தின் புகை, பீடி தொழிலாளியின் புகை. ஒரு நாள் அவர்களில் ஒருவர் புதுக் கட்டைப் பிரித்துத் தரையில் வைத்தார். அந்த லேபிள் எனக்குத் தெரியும். திருநெல்வேலிக்கு மேற்கே எங்கள் ஊரில் என் அம்மா அந்தக் கம்பெனிக்குத்தான் சுற்றிக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து பீடி ஒரு கட்டு. எங்கள் தெருவில் யார் கை கட்டியது என்று முடிச்சைப் பார்த்தே சிலர் சொல்லிவிடுவார்கள். நான் அந்தக் கட்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். ஒன்றும் சொல்லவில்லை.

பீடி எப்படி வருகிறது என்று அதைப் பற்றிக் கவிதை எழுதியவர்களுக்குக்கூடத் தெரியாததால் சொல்கிறேன். இலை மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிஷா காடுகளிலிருந்து வருகிறது. அங்கே அதைப் பறிப்பவர்கள் பெரும்பாலும் ஆதிவாசிகள். எங்கள் ஊரில் பெண்கள் பீடிக்கடைக்குப் போய் இலையையும் தூளையும் நிறுத்து வாங்கி வருவார்கள். இலையை இரவில் நனைத்து, ஈரத்துணியில் சுற்றிவைத்து, காலையில் தகட்டை வைத்து அளவாக வெட்டுவார்கள். பிறகு மடியில் சுளகு. சுளகில் தூள். இலையில் தூளைப் பரப்பி, உருட்டி, நூல் சுற்றி, முனையை மடக்கிவிட வேண்டும். வேகமான கைக்கு நாளைக்கு ஆயிரம் வரும். வீட்டுக் குழந்தைகள் முனை மடக்கிக் கொடுத்தால் இன்னும் கொஞ்சம். கடையில் எண்ணிப் பார்ப்பவர் சில பீடிகளைக் கழித்துவிடுவார். கழித்ததற்குக் கூலி கிடையாது. தூள் குறைந்தால் சொந்தக் காசில் வாங்கி ஈடுகட்ட வேண்டும்.

சுளகுக்கும் முகத்துக்கும் நடுவே ஒரு முழம் இருக்காது. எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் அந்தத் தூளைப் பார்த்துக் குனிந்திருக்க வேண்டும். அது மூக்கில் போகிறது, விரல் வழியாகவும் உடம்பில் ஏறுகிறது. ஒரு தடவைகூடப் புகைக்காத பெண்ணின் உடம்பில் நிக்கோட்டின் இருக்கும். வேலை நடப்பது வீட்டில் என்பதால் தொழிற்சாலை என்று ஒன்று இல்லை; ஆகவே ஜன்னல் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று சொல்ல இன்ஸ்பெக்டரும் வருவதில்லை. 1966இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. அது எங்கள் வீட்டுத் திண்ணை வரைக்கும் வந்து நான் பார்த்ததில்லை.

நான் தூங்கிய தொட்டில் அந்தச் சுளகுக்கு இரண்டடி தள்ளித் தொங்கியது. அம்மாவின் பீடிக் கூலியில் படித்தேன். நான் சந்தா கட்டிய முதல் இலக்கியப் பத்திரிகைக்கான மணியார்டரும் அந்தக் கூலியிலிருந்து போனதுதான். ஆக, அந்த அறையில் எனக்கு இடம் வாங்கித் தந்ததும், அந்த அறையிலிருந்து என்னை மொட்டை மாடிக்குத் துரத்தியதும் ஒரே பொருள். இதை முரண்பாடு என்று அழகாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியும். அப்படித்தான் பல வருஷங்கள் நகர்ந்தேன்.

3

புகைக்கும் இளைப்புக்கும் இருக்கும் உறவு எப்போதும் பகையாக இருந்ததில்லை. ஒரு காலத்தில் புகையே மருந்தாக இருந்தது. நம் ஊரில் ஊமத்தையைப் புகைத்து இளைப்பைத் தணித்த பழக்கம் 1802 வாக்கில் ஜெனரல் ஜென்ட் என்ற ஆங்கிலேயர் மூலம் மதராஸிலிருந்து பிரிட்டனுக்குப் போயிற்று. அங்கே அந்த வகை ஊமத்தை கிடைக்காததால் அதன் இனத்தைச் சேர்ந்த இன்னொரு செடியை எடுத்துக்கொண்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பா முழுவதும் ஆஸ்துமா சிகரெட்டுகள் மருந்துக் கடையில் விற்றன. அதில் ஏமாற்று இல்லை. ஊமத்தையில் இருக்கும் அட்ரோப்பின் சுவாசக் குழாயைத் தளர்த்தும். இன்று மூச்சுத் திணறலுக்குக் கொடுக்கும் இப்ராட்ரோப்பியம் அந்த அட்ரோப்பினிலிருந்து பிறந்ததுதான்.

இந்தப் புகையைச் சுவாசித்தவர்களில் ப்ரூஸ்த் ஒருவர். ஒன்பது வயதில் முதல் திணறல் வந்தது. 1922இல் இறக்கும்வரை அது அவரை விடவில்லை. பாரிஸில் தன் படுக்கையறைச் சுவர்களைத் தக்கையால் மூடி, ஜன்னல்களைச் சாத்தி, மருந்துப் பொடியை எரித்து அதன் புகைக்குள் படுத்துக்கொண்டு இரவெல்லாம் எழுதினார். நாவல் அந்த அறையில்தான் வளர்ந்தது. நாங்கள் ப்ரூஸ்தைப் பற்றிப் பேசும்போது நினைவு, காலம் என்றே பேசினோம். அந்த அறைக்கு வாடகை யார் கொடுத்தது, இரவில் காப்பி கொண்டுவந்து வைத்தது யார் என்று கேட்பது கொச்சையாகப் பட்டது. இப்போது அப்படிப் படவில்லை. ப்ரூஸ்தின் தகப்பனார் பாரிஸின் பெரிய சுகாதார நிபுணர். மகன் தனக்கான காற்றைத் தானே அமைத்துக்கொள்ள முடிந்தது. தெருவையும் தூசியையும் மகரந்தத்தையும் வெளியே நிறுத்த முடிந்தது. அது அவர் துன்பத்தைக் குறைத்துச் சொல்வதற்காக அல்ல. திணறல் எல்லா நெஞ்சிலும் ஒன்றுதான். ஆனால் ஒருவர் கதவைச் சாத்திக்கொள்ளலாம், இன்னொருவர் சுளகை மடியிலிருந்து இறக்கிவைத்தால் அன்று கூலி இல்லை. நோயின் வரலாறு இந்த இடத்தில் இரண்டாகப் பிரிகிறது.

4

புகைப்பது அவரவர் சுதந்திரம் என்பது நம் வட்டத்தில் விவாதத்துக்கே வராத ஒரு முடிவு. அதன் பின்னால் மில் இருக்கிறார், 1859இல் வந்த அவருடைய சுதந்திரம் பற்றிய நூல் இருக்கிறது: தன்னை மட்டும் பாதிக்கும் காரியத்தில் மனிதனுக்கு அவனே ராஜா. நான் இந்தக் கொள்கையை மறுக்கவில்லை. ஆனால் காற்று விஷயத்தில் தன்னை மட்டும் பாதிக்கும் காரியம் என்று ஒன்று உண்டா? சாப்பாட்டை வேண்டாம் என்று பல நாள் ஒதுக்கலாம். மூச்சைச் சில நிமிஷங்கள்கூட ஒதுக்க முடியாது. நாளைக்குச் சுமார் 20,000 தடவை நாம் வெளியை உள்ளே விடுகிறோம், யாரிடமும் கேட்காமல், என்ன வருகிறது என்று பார்க்காமல். உடம்பில் நமக்கு மிகவும் அந்தரங்கமான இடத்துக்குள் மிகவும் பொதுவான பொருள் போய்வருகிறது. தனிமனிதன் என்ற கருத்தை இந்த இடத்தில் வைத்துச் சோதித்துப் பார்த்த தத்துவவாதி யாரையும் அந்த அறையில் நாங்கள் படிக்கவில்லை.

1981 ஜனவரியில் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் ஹிராயாமா ஒரு கட்டுரை வெளியிட்டார். தாங்கள் புகைக்காத 91,540 மனைவிமார்களைப் பதினான்கு வருஷம் பின்தொடர்ந்த ஆய்வு. கணவன் அதிகம் புகைத்தால் மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் அதிகம் என்பது முடிவு. சிகரெட் கம்பெனிகள் பாய்ந்தன. கணக்கு தப்பு என்றார்கள். கணக்கு நின்றது. இளைப்பைப் பொறுத்தவரை விஷயம் இன்னும் வெளிப்படை. வீட்டில் புகைத்தால் குழந்தைகளுக்கு இளைப்பு வருவதும், இருப்பது முற்றுவதும் இன்று சந்தேகத்துக்கு இடமில்லாத உண்மை. கர்ப்பத்தில் தாயின் உடம்புக்குள் போகும் புகை குழந்தையின் நுரையீரலைப் பிறப்பதற்கு முன்பே சிறுக்கவைக்கிறது. ஆஸ்துமா உள்ளவனே புகைத்தால் அவனுக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்து சரியாக வேலை செய்வதில்லை. 2016-17இல் இந்தியாவில் எடுத்த கணக்கெடுப்பில், வீட்டுக்குள் பிறர் விடும் புகைக்கு உள்ளாகிறவர்கள் பெரியவர்களில் 38.7 சதவீதம். அதே கணக்கில், புகைப்பவர்களில் சிகரெட்காரர்களைவிடப் பீடிக்காரர்கள் அதிகம். பீடி அணையாமலிருக்க அடிக்கடி இழுத்தாக வேண்டும். தாரும் கார்பன் மோனாக்ஸைடும் சிகரெட்டைவிட அதிகம் வரும். தொழிலாளியின் புகை என்று நண்பர்கள் சொன்னது இந்த அர்த்தத்தில் மட்டும் உண்மை.

ஆனால் புள்ளிவிவரத்தில் ஒரு தார்மீகச் சிக்கல் இருக்கிறது. 91,540 மனைவிகளைப் பற்றி அதற்குத் தெரியும். ஒரு மனைவியைப் பற்றித் தெரியாது. எந்தக் கணவனின் எந்தப் பீடி என்று அது சொல்லாது. என் அப்பா அம்மாவின் சுளகிலிருந்தே எடுத்துப் பற்றவைப்பார். அடுப்பில் விறகு, மழைக்காலத்தில் ஈர விறகு. மடியில் தூள். பாட்டிக்கும் இளைப்பு இருந்ததாகச் சொல்வார்கள். இதில் எது? எல்லாமும் என்றால் ஒருவரும் இல்லை என்று ஆகிவிடுகிறது. குற்றம் என்பதை ஒரு கை, ஒரு கத்தி, ஒரு காயம் என்றே நாம் கற்பனை செய்து பழகியிருக்கிறோம். கொஞ்சம் கொஞ்சமாக, பலர் சேர்ந்து, ஒருவரும் நினைக்காமல், முப்பது வருஷத்தில் செய்து முடிக்கும் காரியத்துக்கு நம்மிடம் சொல் இல்லை. விதி என்கிறோம், அது நமக்கு வசதியாகவும் இருக்கிறது.

5

1986இல் எனக்கு நிரந்தர வேலை கிடைத்தது. நகரத்து டாக்டர் இரண்டு இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். ஒன்று திணறும்போது இழுப்பது. மற்றது திணறாதபோதும் தினம் இழுக்க வேண்டியது. குழாயின் உள்வீக்கத்தைத் தணிப்பது. முதலாவது 1969இலும் இரண்டாவது 1972இலும் பிரிட்டனில் வந்துவிட்டன என்று பிறகு படித்தேன். மூன்று வாரத்தில் நான் வேறு ஆள். மாடிப்படி ஏறிவிட்டுப் பேச முடிந்தது. புகை நிரம்பிய அறையில் கடைசிவரை உட்கார முடிந்தது. அதைச் சாதனையாகக்கூட நினைத்தேன்.

அந்தத் தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்கினாள். படுத்தால் முடியாது. சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை வராது. அவளுக்கு மருந்து, பக்கத்து ஊர் டாக்டர் போடும் ஊசி, கடையில் சில்லறையாக வாங்கும் மாத்திரை. என் பையிலிருந்த இன்ஹேலரைக் காட்டி இழுக்கச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"வேண்டாம்யா, அது பழகிப்போயிரும். நீ வச்சுக்கோ."

பம்பு பழகிவிடும், ஒரு தடவை தொட்டால் விடமுடியாது என்ற பயம் அன்று ஊர் முழுக்க இருந்தது; இன்றும் இருக்கிறது. பீடியைப் பற்றி அந்தப் பயம் ஒருவருக்கும் இல்லை. எனக்கு உண்மை தெரியும். தினம் இழுக்க வேண்டியது பழக்கமாவதில்லை, அதுதான் சிகிச்சை என்று டாக்டர் எனக்கு விளக்கியிருந்தார். அதை அம்மாவுக்கு விளக்க ஒரு சாயங்காலம் போதும். அந்த இன்ஹேலரின் விலை ஏறக்குறைய அவள் ஒரு வாரம் சுற்றினால் வரும் கூலி. எனக்கு அப்போதுதான் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் வேண்டாம் என்று சொன்னதும் எனக்குள் ஏதோ இளகியது. அது நிம்மதி என்று இப்போது தெரிகிறது. அவள் மறுப்பை மதிப்பதாக நினைத்துக்கொண்டேன். அவரவர் சுதந்திரம்.

1993இல் ஒரு கார்த்திகை மாத இரவில் அம்மா போனாள். பஸ் இல்லாத நேரம். சாவுச் சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதியிருந்தது. எல்லோருக்கும் கடைசியில் நிற்பது மாரடைப்புத்தான்.

லண்டனில் எல்லா கிஸ்ஸி டெப்ரா என்ற ஒன்பது வயதுச் சிறுமி 2013 பிப்ரவரியில் ஆஸ்துமாவில் இறந்தாள். கறுப்பினக் குழந்தை; லூயிஷம் பகுதியில், வாகனங்கள் ஓயாத சவுத் சர்க்குலர் சாலைக்குப் பக்கத்தில் வீடு. முதல் விசாரணையில் சுவாசம் செயலிழந்தது என்று முடித்தார்கள். அவள் தாய் ரோஸமண்ட் விடவில்லை. மறுவிசாரணை நடந்து, 2020 டிசம்பரில் காற்று மாசும் அவள் சாவுக்குக் காரணம் என்று விசாரணை அதிகாரி பதிவுசெய்தார். பிரிட்டனில் ஒரு தனி மனிதரின் மரணத்துக்கு அப்படிக் காரணம் எழுதியது அதுவே முதல் தடவை. பொதுவான காற்றுக்கும் ஒரு தனிச் சாவுக்கும் நடுவே கோடு இழுக்க முடியாது என்று நான் மேலே எழுதியதற்கு அந்தத் தாய் பதில் சொல்லிவிட்டாள். இழுக்கலாம். யாராவது ஏழு வருஷம் விடாமல் நிற்க வேண்டும். என் அம்மாவுக்காக நிற்க வேண்டியவன், பக்கத்தில் இன்ஹேலரை வைத்துக்கொண்டு ஸார்த்தரைப் படித்துக்கொண்டிருந்தான்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2019இல் ஆஸ்துமா உள்ளவர்கள் 26.2 கோடி, இறந்தவர்கள் 4,55,000. சாவுகளில் பெரும்பகுதி வருமானம் குறைந்த நாடுகளில். அங்கே நோய் அதிகம் என்பதால் மட்டுமல்ல. இரண்டாவது இன்ஹேலர் அங்கே போய்ச் சேர்வதில்லை. திணறும்போது இழுப்பதை மட்டும் வைத்துக்கொண்டு காலம் தள்ளுவது ஆபத்து என்று சர்வதேச வழிகாட்டுதல் வெளிப்படையாகச் சொன்னதே 2019இல்தான். எங்கள் தெருவுக்கு அந்த முதலாவதே எட்டவில்லை.

6

அப்படியானால் பீடியை ஒழித்துவிடலாமா? இந்தக் கேள்வியை நகரத்தில் உட்கார்ந்து கேட்பது சுலபம். எங்கள் தெருவில் ஒரு சித்தி இன்னும் சுற்றுகிறாள். அவளிடம் கேட்டால் முதலில் பாஸ்புத்தகத்தைக் காட்டுவாள். மகளுக்குப் படிப்பு உதவித்தொகை வந்தது அதனால். வீட்டை விட்டு வெளியே போகாமல் சம்பாதிக்க முடிந்ததும் அதனால். 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் சிகரெட்டுக்கு 40 சதவீதம் என்றும், பீடிக்கு 28 சதவீதத்தைக் குறைத்து 18 என்றும் முடிவு செய்தது. தொழிலாளர்களின் பிழைப்பு கருதி என்றார்கள். ஏழைக்கு ஏழையின் மேல் இருக்கும் கரிசனம் போல இதைச் சொல்கிறார்கள். சுற்றுபவளின் நுரையீரலையும் குடிப்பவனின் நுரையீரலையும் ஈடு வைத்து ஒரு பிழைப்பைக் காப்பாற்றுவதற்குக் கருணை என்று பெயர் வைக்க எனக்கு வாய் வரவில்லை. ஆனால் வேறு வேலை கொடுக்காமல் பீடியைப் பறிப்பதற்கும் வேறு பெயர்தான் வைக்க வேண்டியிருக்கும். முதலில் வேலை, கூடவே அந்த இரண்டாவது இன்ஹேலர். இந்த வரிசையை மாற்றிச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

எனக்கு இதில் என்ன பாக்கி இருக்கிறது என்று யோசித்தேன். பெரிய காரியங்கள் என் வசம் இல்லை. சொல்வது இருக்கிறது. போன மாதம் ஒரு புத்தகக் கூட்டம். 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைக்கக் கூடாது என்று விதி இருப்பதால் அரங்கத்துக்குள் இப்போதெல்லாம் யாரும் புகைப்பதில்லை. கூட்டம் முடிந்து அறைக்குத் திரும்பியதும் நண்பர் சிகரெட்டை எடுத்தார். எழுபது வயதில் முதல் தடவையாக, வேண்டாம் என்றேன். அவர் ஆச்சரியப்பட்டார், கோபப்படவில்லை. முன்பே சொல்லியிருக்கலாமே என்று மட்டும் கேட்டுவிட்டு வெளியே போனார். அந்தக் கேள்வி நியாயமானது. நாற்பது வருஷத்தில் ஒரு வாக்கியத்தை நான் மிச்சம் பிடித்திருக்கிறேன்.

கொஞ்ச நேரம் கழித்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கீழே மாடிப்படிக்கு அடியில் நின்று புகைத்துக்கொண்டிருந்தார். அங்கேதான் காவல்காரரின் குடும்பம் தங்கியிருக்கிறது. அந்தப் பெண் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, முகத்தை மட்டும் கொஞ்சம் திருப்பி உட்கார்ந்திருந்தாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. நான் சட்டையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினேன்.